கீ சரிதான், விண்டோஸ் ஏன் ஏற்க மறுக்கிறது?

அலுவலகக் கணினியின் திரை ஓரத்தில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்ற மங்கல் எழுத்து வந்துவிட்டால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பழைய பில்லையோ பெட்டியையோ தேடியெடுத்து, அதிலுள்ள 25 எழுத்துக் கீயை மறுபடி அடிப்பார்கள். அதை ஏற்கவில்லை என்றால் பக்கத்து மெஷினின் கீயை அடித்துப் பார்ப்பார்கள். முதல் வேலையால் பெரிய பலன் இருக்காது. இரண்டாவது வேலையால் நஷ்டமே வரும். புதிய கீ உள்ளே போனதும் பழையது நீங்கிவிடும். அந்த மெஷினில் முதலில் எந்த வகை லைசென்ஸ் இருந்தது என்ற தடயமும் கூடவே போய்விடும்.

கீயைத் தப்பாக அடித்ததால் மட்டுமே வரும் பிழைகள் குறைவு. சரியான கீயைத் தப்பான எடிஷனில் (ஹோம், ப்ரோ போன்ற பதிப்பில்) போட்டிருப்பார்கள்; அல்லது மதர்போர்டு மாறியிருக்கும்; அல்லது கீயைச் சரிபார்க்க வேண்டிய சர்வரை மெஷின் எட்டியிருக்காது. அலுவலகங்களில் அதிகம் காண்பது இவைதான். ஆகவே கீயைத் தொடுமுன் இந்த மெஷினுக்கு லைசென்ஸ் எந்த வழியில் வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஒரு வாசிப்புக் குறிப்பு: கட்டளைகளையும் பிழை எண்களையும் இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஆக்டிவேஷன் பிழைகளில் பெரும்பாலானவை ‘0எக்ஸ்சி004’ என்று தொடங்கும் என்பதால் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் சொல்கிறோம்.

லைசென்ஸ் வந்த வழி

கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி’ என்று அடித்தால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் மூன்று வரிகள் போதும்: டிஸ்கிரிப்ஷன், பார்ஷியல் ப்ராடக்ட் கீ, லைசென்ஸ் ஸ்டேட்டஸ். வேறு எதையும் செய்வதற்கு முன் அந்தப் பெட்டியை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கிரிப்ஷன் வரியின் கடைசியில் ‘சேனல்’ இருக்கும். ‘ஓஇஎம்_டிஎம்’ என்றிருந்தால் கணினி தயாரிப்பாளர் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (போர்டோடு வரும் உள்மென்பொருளிலேயே) பதித்து அனுப்பிய கீ. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் மெஷின்களில் இதுதான் முறை. அதனால்தான் புது லேப்டாப்பின் அடியில் கீ அச்சிட்ட ஸ்டிக்கர் இருப்பதில்லை. இந்த லைசென்ஸ் அந்த போர்டோடு பிறந்து அதோடு முடியும், வேறு மெஷினுக்குப் போகாது. ‘ரீடெய்ல்’ என்றால் தனியாக வாங்கியது; பழைய மெஷினிலிருந்து நீக்கிவிட்டு வேறொன்றில் போடலாம். ‘வால்யூம்_எம்ஏகே’ என்றால் நிறுவனத்துக்கு மொத்தமாக வாங்கிய கீ. ஒவ்வொரு ஆக்டிவேஷனுக்கும் மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் கணக்கில் ஒன்று குறையும். ‘வால்யூம்_கேஎம்எஸ்கிளையன்ட்’ என்றால் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் (கேஎம்எஸ் சர்வர்) இருந்து மற்ற மெஷின்களுக்கு ஆக்டிவேஷன் தருகிறது என்று பொருள்.

இந்தக் கடைசி வரியை வைத்தே ஒரு உண்மையைக் கண்டுபிடிக்கலாம். கேஎம்எஸ் சர்வர், குறைந்தது 25 கிளையன்ட் கணினிகள் தன்னிடம் கேட்டால்தான் விண்டோஸ் கிளையன்ட்களை ஆக்டிவேட் செய்யும். மொத்தமே நாலு கணினி உள்ள ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில், தலைமை அலுவலகம் என்று வேறெதுவும் இல்லாத இடத்தில், இந்தச் சேனல் தெரிந்தால் அங்கே முறையான கேஎம்எஸ் இருக்க வழியில்லை. பெரும்பாலும் யாரோ கிராக் (திருட்டு ஆக்டிவேஷன் கருவி) போட்டுக் கொடுத்திருப்பார்கள். அதே பெட்டியில் ‘கேஎம்எஸ் மெஷின் நேம்’ வரியைப் பாருங்கள்: அறிமுகமில்லாத டொமைனோ, 127 என்று தொடங்கும் உள்முகவரியோ இருக்கும். இத்தகைய மெஷினில் ‘திடீரென்று ஆக்டிவேஷன் போய்விட்டது’ என்றால் பழுது பார்க்க எதுவும் இல்லை. முறையான லைசென்ஸ் வாங்க வேண்டும், அந்த கிராக் கருவியோடு வேறென்ன உள்ளே வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

பார்ஷியல் ப்ராடக்ட் கீ வரியில் கீயின் கடைசி ஐந்து எழுத்து மட்டும் தெரியும். ‘3வி66டி’ என்று முடிந்தால் அது விண்டோஸ் ப்ரோவின் பொதுக் கீ. டிஜிட்டல் லைசென்ஸ் உள்ள எத்தனையோ மெஷின்களில் இதே கீதான் இருக்கும். உண்மையான உரிமம் வன்பொருள் அடையாளத்தோடு சேர்த்து மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கும். சில மென்பொருள்கள் இந்தக் கீயை முழுதாகக் காட்டும். அதைப் பத்திரமாகக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு புது மெஷினில் அடித்து ஏமாறுவோர் உண்டு.

ஃபர்ம்வேரில் பதிந்த கீயைப் பார்க்க முன்பெல்லாம் ‘விமிக்’ கட்டளை போதும். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அது தானாக வருவதில்லை. பவர்ஷெல்லில் ‘கெட்-சிம்இன்ஸ்டன்ஸ்’ வழியாக சாஃப்ட்வேர் லைசென்சிங் சர்வீஸ் வகுப்பை அழைத்து, ‘ஓஏ3எக்ஸ்’ என்று தொடங்கும் ஒரிஜினல் ப்ராடக்ட் கீ வரியைப் படிக்கலாம். அது காலியாக வந்தால் போர்டில் கீ இல்லை.

தட்டச்சுப் பிழையா என்று பார்ப்பது

காகிதத்திலோ ஸ்டிக்கரிலோ இருந்து கீ அடிக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் கீகளில் உயிரெழுத்துகளான ஏ, இ, ஐ, ஓ, யூ கிடையாது. எல், எஸ், இசட் கிடையாது. 0, 1, 5 என்ற இலக்கங்களும் கிடையாது. ஆக, ஸ்டிக்கரில் உங்கள் கண்ணுக்குப் பூஜ்யமாகத் தெரிவது பூஜ்யமல்ல. க்யூவோ டியோவாக இருக்கும். ஆனால் 8-ம் பியும், 6-ம் ஜியும் இரண்டுமே இடம்பெறும். தேய்ந்த ஸ்டிக்கரில் அவற்றை மாற்றி மாற்றி முயலலாம், வேறு எழுத்துகளில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

எடிஷன் பொருந்தாமல் வருவது

சரியாகத்தான் அடித்தேன், இருந்தும் ‘எஃப்050’ வருகிறது, அதாவது கீ செல்லாது என்கிறது. அல்லது ‘எஃப்069’, அதாவது இந்தக் கீக்குரிய பதிப்பு இங்கே இல்லை. இங்கே கீ குற்றவாளியல்ல. ப்ரோ கீயை ஹோமில் போட்டிருப்பார்கள், அல்லது ஸ்டாண்டர்ட் சர்வர் கீயை இவால்யுவேஷன் (சோதனைக் காலப்) பதிப்பில்.

நம் ஊர் அலுவலகங்களில் இது அடிக்கடி வரக் காரணம் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’. விலை குறைவான லேப்டாப்கள் பலவும் இந்தப் பதிப்போடு வருகின்றன. நிறுவனம் தனியாக ப்ரோ லைசென்ஸ் வாங்கி, பென்டிரைவ் வைத்து ஃபார்மட் செய்கிறது. இன்ஸ்டாலர் எதையுமே கேட்காமல் போர்டில் பதிந்திருக்கும் ஹோம் கீயைத் தானே எடுத்துக்கொண்டு ஹோம் சிங்கிள் லாங்குவேஜையே போட்டுவிடும். பிறகு டொமைனில் (அலுவலகக் கணினிகளை ஒரே நிர்வாகத்தில் வைக்கும் அமைப்பில்) சேர்க்கப் போனால் அந்த வசதியே இல்லை. இதைத் தடுக்க இன்ஸ்டால் பென்டிரைவில் ‘சோர்சஸ்’ ஃபோல்டருக்குள் ‘பிஐடி.டிஎக்ஸ்டி’ என்ற ஒரு கோப்பை வைத்து, அதில் ப்ரோ கீயை எழுதிவிட வேண்டும். அப்போது இன்ஸ்டாலர் ஃபர்ம்வேர் கீயை விட்டு இதை எடுக்கும்.

ஏற்கெனவே ஹோம் ஓடிக்கொண்டிருந்தால் ஃபார்மட் தேவையில்லை. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘சேஞ்ச் ப்ராடக்ட் கீ’ வழியாகப் போக வேண்டும். வாங்கிய கீயை நேரடியாக ஏற்காமல் அடம்பிடித்தால், இணையத்தைத் துண்டித்துவிட்டு, மேலே சொன்ன ‘3வி66டி’ என்று முடியும் பொதுக் கீயை முழுதாகக் கொடுங்கள். எடிஷன் ப்ரோவாக மாறி ரீஸ்டார்ட் ஆகும். ஆக்டிவேட் ஆகாது, அது எதிர்பார்த்ததுதான். பிறகு இணையத்தை இணைத்து, வாங்கிய கீயைக் கொடுக்க வேண்டும்.

விண்டோஸ் சர்வர் இவால்யுவேஷனை முழுப் பதிப்பாக்க ‘டிஸம்’ கட்டளையின் ‘செட்-எடிஷன்’ உண்டு. அந்த சர்வர் டொமைன் கன்ட்ரோலராக (டொமைனை நடத்தும் சர்வராக) இருந்தால் மாற்ற விடாது. அந்தப் பொறுப்பிலிருந்து முதலில் இறக்கி, எடிஷனை மாற்றி, பிறகு மறுபடி ஏற்ற வேண்டும். 180 நாள் இவால்யுவேஷனில் டொமைனையே கட்டி முடித்துவிட்டு 170-ஆம் நாளில் இதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவமாக இருக்காது.

மதர்போர்டு மாறினால்

‘803எஃப்7001’, ‘எஃப்211’, ‘எஃப்213’ மூன்றும் ஏறக்குறைய ஒரே குடும்பம்: இந்த வன்பொருளுக்கு லைசென்ஸ் பதிவே இல்லை என்கின்றன. ரேம், எஸ்எஸ்டி மாற்றுவதால் பொதுவாக இது வராது; மதர்போர்டு மாறினால் வரும். தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்றினால் புது போர்டில் கீயைப் பதித்துத் தருவது வழக்கம். அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் மேலே சொன்ன ‘ஓஏ3எக்ஸ்’ வரி காலியாக இருக்கும். அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு வாரன்டி காலத்துக்குள் திருப்பிக் கொண்டுபோகலாம். வெளிக்கடையில் வேறொரு பழைய லேப்டாப்பின் போர்டைப் போட்டிருந்தால் அந்தப் பழைய மெஷினின் கீ வந்திருக்கும், பெரும்பாலும் ஹோமாக.

ரீடெய்ல் லைசென்ஸ் என்றால் அதே கீயை மறுபடி கொடுத்து, மறுத்தால் ‘எஸ்எல்யூஐ 4’ என்ற கட்டளையில் தொடங்கி நேரடி உதவி கேட்கலாம். அங்கே கேட்பது 63 இலக்க இன்ஸ்டலேஷன் ஐடி; பதிலுக்குத் தருவது 48 இலக்க கன்ஃபர்மேஷன் ஐடி. விண்டோஸ் 7, 8 கீகளை வைத்து விண்டோஸ் 10, 11-ஐ ஆக்டிவேட் செய்யும் பழைய வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டது. ‘முன்பெல்லாம் வேலை செய்ததே’ என்று கேட்போருக்கு இதுதான் பதில்.

‘சி003’ என்பது வேறு. கீயை மைக்ரோசாஃப்ட் முடக்கிவிட்டது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீகள் வழக்கமாக முடிவது இங்கே. யாரோ ஒரு நிறுவனத்தின் எம்ஏகே கீயைப் பலருக்கு விற்றிருப்பார்கள். முதல் நாள் ஆக்டிவேட் ஆகும், அதனால் வாங்கியவருக்கு நம்பிக்கை வரும். எண்ணிக்கை தீர்ந்த பின் வருபவருக்கு ‘சி020’; கீ முடக்கப்பட்ட பின் வருபவருக்கு ‘சி003’. கீ என்பது லைசென்ஸ் அல்ல. பில்லும் ஒப்பந்தமும் இல்லாமல் கீ மட்டும் கையில் இருந்தால் தணிக்கையில் அதற்கு மதிப்பில்லை.

நேர்மையாக எம்ஏகே வாங்கிய நிறுவனத்துக்கும் ‘சி020’ வரும். ஒரே மெஷினை ஃபார்மட் செய்து மறுபடி ஆக்டிவேட் செய்தாலும் கணக்கில் ஒன்று கழியும், கீயை நீக்கினால் அது திரும்பி வராது. வால்யூம் லைசென்சிங் உதவி மையத்தில் ஒப்பந்த எண்ணைச் சொல்லி எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லலாம்.

கேஎம்எஸ்: எஃப்074-க்குப் பின்னால் இருப்பவை

நூறு, இருநூறு கணினி உள்ள இடங்களில் தலைவலி கொடுப்பது ‘எஃப்074’. ‘கேஎம்எஸ் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்பதே செய்தி. காரணம் டிஎன்எஸ் (சர்வரின் பெயரைக் கொண்டு அதைக் கண்டுபிடித்துத் தரும் சேவை), ஃபயர்வால், கடிகாரம், எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

கேஎம்எஸ் கிளையன்ட் ஒருமுறை ஆக்டிவேட் ஆனால் 180 நாள் செல்லும். ஏழு நாளுக்கு ஒருமுறை அது சர்வரைத் தேடிப் புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே சர்வர் இன்று செத்தாலும் இன்றே யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு மெஷினாக விழத் தொடங்கும். அப்போது ‘நேற்று என்ன மாற்றினோம்’ என்று யோசிப்பதில் பயனில்லை. ஆறு மாதத்துக்கு முன் என்ன மாறியது என்று கேட்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவரின் லேப்டாப் விபிஎன்னில் நுழையாமல் மெயிலும் டீம்ஸும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கும் இதே கதி.

முதலில் பெயர். ‘என்எஸ்லுக்கப் -டைப்=எஸ்ஆர்வி _விஎல்எம்சிஎஸ்._டிசிபி’ என்று அடித்தால் (பின்னால் உங்கள் டொமைன் பெயர் சேர்த்து) டிஎன்எஸ்ஸில் பதிவான கேஎம்எஸ் சர்வர்களின் பட்டியல் வரும். ஒன்றும் வரவில்லை என்றால் கிளையன்ட்டில் ‘8007232பி’ வந்துகொண்டிருக்கும். சில நேரம் ‘8007007பி’ வந்து, கோப்புப் பெயர் தப்பு என்பதுபோல ஏதோ சொல்லும். அங்கும் கோளாறு டிஎன்எஸ்ஸில்தான், கோப்பைத் தேட வேண்டாம்.

பட்டியல் வந்தால் அதில் இருக்கும் பெயர்களைப் படியுங்கள். ஒரு சர்வர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டு டெஸ்க்டாப் பெயர்கள் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. வால்யூம் போர்ட்டலில் கிடைக்கும் கேஎம்எஸ் கீ, சர்வருக்கு மட்டும் போட வேண்டியது. அதைச் சாதாரண கீ என்று நினைத்து யாரோ ஒவ்வொரு மெஷினிலும் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தன்னையே கேஎம்எஸ் சர்வராக நினைத்து டிஎன்எஸ்ஸில் பதிந்துகொள்ளும். மற்ற கிளையன்ட்கள் அவற்றிடம் போய்க் கேட்டுத் திரும்பும். தீர்வு: அந்த மெஷின்களில் மைக்ரோசாஃப்ட் பொதுவில் வெளியிட்டுள்ள கிளையன்ட் செட்டப் கீயை ‘/ஐபிகே’ மூலம் (இதுவும் இனி வரும் ‘/’ கட்டளைகளும் ‘எஸ்எல்எம்ஜிஆர்’க்குப் பின்னால் சேர்ப்பவை) போட்டு, டிஎன்எஸ்ஸில் உள்ள போலிப் பதிவுகளைக் கையால் அழிப்பது. கீயை மட்டும் மாற்றிவிட்டுப் பதிவை விட்டுவிட்டால் பிரச்சினை அப்படியே இருக்கும்.

பட்டியல் சரியாக இருந்தும் கிளையன்ட் பழைய, கழற்றிப்போட்ட சர்வரையே கேட்டுக்கொண்டிருந்தால், எப்போதோ ஒருவர் ‘/எஸ்கேஎம்எஸ்’ மூலம் பெயரைக் கையால் பதித்திருப்பார். கையால் பதித்தது இருக்கும்வரை அது டிஎன்எஸ்ஸைப் பார்க்காது. ‘/சிகேஎம்எஸ்’ போட்டு அழித்து, ‘/ஏடிஓ’ போட வேண்டும்.

அடுத்து வழி. கேஎம்எஸ் பேசுவது டிசிபி 1688-ஆம் போர்ட்டில். பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்ஷன்’ கட்டளையில் சர்வர் பெயரும் ‘-போர்ட் 1688’-உம் கொடுத்தால் திறந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். பிங் போகிறது என்பது இங்கே எதற்கும் சாட்சியல்ல.

மூன்றாவது கடிகாரம். சர்வருக்கும் கிளையன்ட்டுக்கும் நேரம் நாலு மணிக்கு மேல் விலகியிருந்தால் சர்வர் மறுக்கும். ‘எஃப்06சி’ இதன் எண். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, தினமும் காலையில் பழைய ஏதோ ஒரு வருடத்துக்குப் போய் நிற்கும் மெஷின்களில் பாருங்கள். அந்த வட்ட பேட்டரியை மாற்றினால் தீரும்.

இவ்வளவும் சரியாக இருந்து ‘எஃப்038’ வந்தால், சர்வரை எட்டிவிட்டது, எண்ணிக்கைதான் போதவில்லை. விண்டோஸ் கிளையன்ட்டுக்கு 25, விண்டோஸ் சர்வருக்கும் ஆஃபிஸுக்கும் 5. ‘எங்களிடம் 60 கணினி இருக்கிறதே’ என்பார்கள். கேஎம்எஸ் எண்ணுவது கணினியை அல்ல, கிளையன்ட் ஐடியை. ஒரு மெஷினைத் தயார்செய்து ‘சிஸ்ப்ரெப் /ஜெனரலைஸ்’ செய்யாமல் அப்படியே க்ளோன் எடுத்து 60-லும் போட்டிருந்தால் அறுபதுக்கும் ஒரே ஐடி. சர்வர் கணக்கில் அது ஒன்று. இரண்டு மெஷின்களில் ‘/டிஎல்வி’ போட்டு ‘சிஎம்ஐடி’ வரியை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஒவ்வொன்றிலும் ‘/ரீஆர்ம்’ போட்டு ரீஸ்டார்ட் செய்தால் புது ஐடி உருவாகும்.

எங்கே நிற்கிறது என்று புரியாதபோது கிளையன்ட்டின் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவில் 12288-ஐத் தேடுங்கள். எந்தப் பெயரை, எந்தப் போர்ட்டில் கேட்டது என்று அதில் இருக்கும். சர்வரின் பதில் 12289. சர்வர் பக்கம் அதே கேள்வி 12290-ஆகப் பதிவாகும். 12288 இருந்து 12290 இல்லையென்றால் கோளாறு நடுவழியில்.

புதிதாக அமைப்பவர்கள், எல்லா மெஷினும் டொமைனில் இருந்தால், ஆக்டிவ் டைரக்டரி (டொமைனை நடத்தும் மைக்ரோசாஃப்ட் சேவை) வழி ஆக்டிவேஷனுக்குப் போய்விடுவது நல்லது. அதற்கு 25 என்ற வரம்பும் இல்லை, 1688-உம் இல்லை.

ஆஃபிஸ் தனிக் கணக்கு

விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருந்தும் எக்செல்லில் சிவப்புப் பட்டை வரும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. புது லேப்டாப்போடு வந்த ட்ரயல் ஆஃபிஸை நீக்காமல் மேலேயே நிறுவன ஆஃபிஸைப் போட்டால் பழைய கீயும் உள்ளேயே கிடந்து குழப்பும். ஆஃபிஸ்16 ஃபோல்டருக்குள் போய் ‘சிஸ்கிரிப்ட் ஓஎஸ்பிபி.விபிஎஸ் /டிஸ்டேட்டஸ்’ அடித்தால் உள்ளே எத்தனை கீ என்று வரிசையாகக் காட்டும். தேவையில்லாததை ‘/அன்பிகீ:’ சேர்த்து, கடைசி ஐந்து எழுத்தைக் கொடுத்து நீக்கலாம்.

மைக்ரோசாஃப்ட் 365-இல் கீயே கிடையாது, லாகின்தான். பிசினஸ் பேசிக் திட்டத்தில் கணினியில் நிறுவும் ஆஃபிஸ் சேராது. அந்தக் கணக்கில் எத்தனை முறை லாகின் செய்தாலும் லைசென்ஸ் இல்லை என்றே வரும். பிசினஸ் ஸ்டாண்டர்டை ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் போட்டாலும் மறுக்கும், பகிர்வுக் கணினி வசதி பிசினஸ் பிரீமியத்திலிருந்துதான். ஒருவருக்கு ஐந்து கணினி வரை. 30 நாள் இணையமே காணாத மெஷினில் திறந்து பார்க்கலாம், திருத்த முடியாது. மதர்போர்டு மாற்றிய பின் ‘டிபிஎம் கோளாறு, 80090016’ என்று வந்தால் ஆஃபிஸை நீக்கிப் போடாதீர்கள். பழைய டிபிஎம்மில் (மதர்போர்டிலுள்ள பாதுகாப்புச் சிப்பில்) பூட்டிய லாகின் சாவி போய்விட்டது, அவ்வளவுதான். கணினியைப் பணிக் கணக்கிலிருந்து துண்டித்து மறுபடி இணைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட் வாங்கிய நிறுவனங்களுக்கு எம்ஏகே வகைக் கீ ஒன்று வரும். அதை ‘/ஐபிகே’ மூலம் போட்டுவிட்டு வெறும் ‘/ஏடிஓ’ அடித்தால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் லைசென்ஸ்தான் மறுபடி ஆக்டிவேட் ஆகும், ‘வெற்றி’ என்று செய்தியும் வரும், அப்டேட் வராது. அந்த ஆண்டுக்குரிய ஆக்டிவேஷன் ஐடியை ‘/ஏடிஓ’வுக்குப் பின்னால் சேர்க்க வேண்டும்.

எதையும் மாற்றாத பல மெஷின்கள் ஒரே நாளில் விழுந்தால் கோளாறு மறுமுனையிலும் இருக்கலாம். 2018 நவம்பரில் ஒரு நாள் விண்டோஸ் 10 ப்ரோ மெஷின்கள் பலவற்றுக்கு ‘உங்களிடம் ஹோம் லைசென்ஸ்தான் இருக்கிறது’ என்று மைக்ரோசாஃப்ட் சர்வரே தப்பாகச் சொன்னது. அன்று மாலைக்குள் பொறுமையிழந்து ஃபார்மட் செய்தவர்களுக்கு வேலைதான் மிச்சம். காத்திருந்தவர்களுக்குத் தானாகத் திரும்பியது. 2019 ஜனவரியில் கேஎம்எஸ்ஸில் இருந்த விண்டோஸ் 7 மெஷின்கள் ‘அசல் அல்ல’ என்று அறிவித்தன. அதில் அடிபட்டவை கேபி971033 என்ற பழைய அப்டேட் உள்ளே இருந்த மெஷின்கள். அதை நீக்கி, கிளையன்ட் கீயை மறுபடி போட்டு, ஆக்டிவேட் செய்யும்படி மைக்ரோசாஃப்ட் சொன்னது.